தடிமன், நாரிப்பிடிப்பு, முழங்கால் நோ: எந்தக் கைமருந்து எதற்கு?

கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளில் மூன்று முறைப்பாடுகள் சேர்ந்தே வரும். சின்னதுகளுக்குத் தடிமன், தோட்டத்துக்கும் வேலைக்கும் போய் வருகிறவர்களுக்கு நாரிப்பிடிப்பு, வயதானவர்களுக்கு முழங்கால் நோ. மூன்றுக்கும் எங்களிடம் கைமருந்து உண்டு, அதுவும் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து. வேலியில் நொச்சி நிற்கிறது, கிணற்றடியில் முடக்கொத்தான் படர்கிறது, அலுமாரியில் வேர்க்கொம்பும் (சுக்கு) மஞ்சளும் இருக்கின்றன. கடைக்குப் போனால் கரைத்துக் குடிக்கும் சமஹன் பக்கற்றும் பூசும் சித்தாலேப டப்பாவும் கிடைக்கும். கைதடிக்குப் போனால் சித்த வைத்தியசாலையில் தைலம் தருவார்கள். இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் கைமருந்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போவது?

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தசைப்பிடிப்புக்கு வெளியே செய்யும் வைத்தியம்தான் முதல் தெரிவு, அதிலும் சூடு. தடிமனுக்கு அடுப்பில் அவிக்கும் குடிநீர் போதும். மூட்டு நோவுக்கு மட்டும், இலையைப் பிடுங்குவதற்கு முன்னால் அது என்ன நோ என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அதிகம் இழப்பது இந்த மூன்றாவதில்தான் என்பதால் அதைப் பற்றிக் கூடுதலாக எழுதுகிறேன்.

தடிமனும் இருமலும்

தடிமனை உண்டாக்கும் வைரசுகள் 200க்கும் மேல். அவற்றைக் கொல்ல ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை, பரியாரியாரிடமும் இல்லை. அன்ரிபயோற்றிக் போட்டாலும் போடாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் தடிமன் போய்விடும். இருமல் மட்டும் மூன்று கிழமை வரைக்கும் இழுக்கலாம். ஆகவே அந்த நாட்களை எது இலேசாக்கும், எது கெடுதல் செய்யாது என்ற இரண்டை வைத்துத்தான் இங்கே தெரிவு செய்ய முடியும்.

அப்படிப் பார்த்தால் கொத்தமல்லிக் குடிநீருக்குத்தான் என் வாக்கு. ஒரு கைப்பிடி கொத்தமல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, பெருவிரல் அளவு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, நாலைந்து மிளகும் சேர்த்து, நாலு தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராக வற்றும்வரை அவிக்க வேண்டும். ஒரு கொதியோடு இறக்கினால் மல்லி வாசம் மட்டும் வரும், வேர்க்கொம்பின் காரம் இறங்காது. வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடிப்பது எங்கள் வழக்கம். நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியை விட்டுவிட வேண்டும். அதுவும் சீனிதான்.

இதில் எவ்வளவு மல்லியின் வேலை, எவ்வளவு சூட்டின் வேலை என்று கேட்டால், சூட்டின் பங்கு பெரியது. 2008 இல் வேல்ஸிலுள்ள கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் தடிமன் பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றைச் சூடாகவும் அறைச் சூட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை நோ, குளிர், களைப்பு எல்லாவற்றிலும் உடனே ஆறுதல் கிடைத்தது. அறைச் சூட்டில் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மல் மட்டும் குறைந்தன. தண்ணீரும் உள்ளே போகிறது, காரம் சளியையும் இளக்குகிறது. ஒரு தம்ளரில் இதைவிட வேறென்ன வேண்டும்?

சமஹன் பக்கற் இதே வழியில் வந்ததுதான். 14 மூலிகைகளின் சாரம், சுடுதண்ணியில் கரைத்தால் சரி. கந்தோரிலும் விடுதியிலும் இருக்கிறவர்களுக்கு வசதி. ஆனால் பெட்டியில் இருக்கும் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். சீனி இருக்கிறது, அதிமதுரமும் ஆடாதோடையும் இருக்கின்றன. ஒன்றிரண்டு பக்கற்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தேத்தண்ணிக்குப் பதிலாக நாள்முழுக்கக் குடிக்கிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் சொல்கிறேன். சிங்கள ஊர்களிலிருந்து வரும் பஸ்பங்குவச் சரக்கில் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள் என்று ஐந்து உண்டு. அவித்துத்தான் குடிக்க வேண்டும். கைப்பு அதிகம் என்பதால் பிள்ளைகள் வாயில் வைக்காது. கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும் மரமஞ்சளை உட்கொள்ளவே கூடாது. அதிலுள்ள பெர்பரின் பச்சைக்குழந்தையின் மஞ்சட்காமாலையைக் கூட்டும்.

வேது பிடிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கண்டிப்பான எண்ணம் உண்டு. நொச்சி, பாவட்டை, வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து, போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடித்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆவி பிடித்துத் தடிமன் விரைவாக மாறியதாக ஆய்வுகளில் உறுதியாக எதுவும் வரவில்லை. தண்ணீரில் தைலம் போட்டால் மூக்குத் திறந்ததுபோல் இருக்கும். அது மென்தோல் மூக்கின் நரம்புக்குத் தரும் குளிர்ச்சி, அளந்து பார்த்தால் காற்றுப் போகும் அளவு மாறியிருக்காது. இந்தச் சுகத்துக்காகக் கொதிதண்ணிப் பானைக்கு முன்னால் பிள்ளையை இருத்துவது சரியில்லை. பானை சரிந்து தொடையும் வயிறும் வெந்து போகும் விபத்து உலகம் முழுக்க நடக்கிறது. பெரியவர்கள் பானையை நிலத்தில் அசையாமல் வைத்துப் பிடிக்கட்டும். பிள்ளைகளுக்கு வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கிலோ நெஞ்சிலோ பூசுவதும் வேண்டாம்.

இருமலுக்குத் தேன் நல்லது, ஆய்வும் அதற்குத் துணை நிற்கிறது. ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்குப் படுக்கப் போகுமுன் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் இரவு இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தொட்டும் வைக்கக்கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். ஆடாதோடை சளிக்கு நல்ல மூலிகை. டொக்டர்கள் எழுதும் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே அந்த இலையிலுள்ள வாசிசினைப் பார்த்து உருவானதுதான். ஆனால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை அதற்கு உண்டு, கர்ப்பிணிகள் குடிக்கக்கூடாது. அதிமதுரம் தொண்டைக்கு இதம். பிரஷர் உள்ளவர் அதை நாள்கணக்காகக் குடித்தால் பிரஷர் ஏறும், உடம்பிலுள்ள பொட்டாசியம் இறங்கும். இருமல் குடிநீருக்குச் சரக்கு வாங்கும்போது கடைக்காரர் அதிமதுரமும் சேர்த்துக் கட்டுவார். வீட்டில் பிரஷர்காரர் இருந்தால் அதை விட்டுவிட்டுத் தரச் சொல்லுங்கள்.

தூதுவளைச் சம்பல், மொசுமொசுக்கை வறை, உள்ளியும் மிளகும் தட்டிப்போட்ட இரசம் எல்லாம் சாப்பாடு. அளவைப் பற்றி யோசிக்காமல் சாப்பிடலாம்.

காய்ச்சலோடு உடம்பு உளைந்தால்

மழைக்காலத்தில் காய்ச்சலும் உடம்பு உளைவும் சேர்ந்து வந்தால் தடிமன் என்று நினைத்து மல்லித் தண்ணியோடு இருந்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவதும் இதே மாதங்களில்தான். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. முதலில் அது என்ன காய்ச்சலென்றே தெரியாமல் ஊரே பயந்து போயிருந்தது. வயலிலும் வெள்ளத் தண்ணியிலும் காலை வைத்தவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே நோ என்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விதைப்புக்கு முன்னால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்.

டெங்கு சந்தேகம் இருக்கும்போது பனடோல் தவிர வேறு நோ மருந்து போடக்கூடாது. டைக்ளோபினாக், இபுபுரூபன், அஸ்பிரின் மூன்றும் இரத்தப் போக்கைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை. பப்பாசியிலைச் சாறு அந்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

நாரி, கழுத்து, தோள்

வெங்காயம் நட்டு, கிளறி, பிடுங்குகிறவர்களின் நாரியும், நாள்முழுக்க மோட்டார் சைக்கிளில் திரிகிறவர்களின் கழுத்தும் பிடித்துக்கொள்வது வேலையால். காய்ச்சல் இல்லை, விழவில்லை, காலுக்குள் விறைப்பு இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் சில நாட்களில் தளர்ந்துவிடும். முன்பெல்லாம் பாயில் படுத்துக்கிடக்கச் சொல்வார்கள். இப்போது மருத்துவம் சொல்வது அதற்கு எதிர்மாறு. பொறுக்கக்கூடிய அளவுக்கு நடந்து திரிகிறவருக்குத்தான் விரைவாகச் சுகமாகிறது. நடக்கக்கூடிய அளவுக்கு நோவைக் குறைத்துத் தருவதுதான் இங்கே கைமருந்தின் வேலை.

அந்த வேலையில் உப்பு ஒத்தடத்தை வெல்ல ஒன்றுமில்லை என்பது என் முடிவு. ஆனையிறவுக் கல்லுப்பு இரண்டு கைப்பிடி எடுத்து இரும்புச் சட்டியில் போடுங்கள். முதலில் ஈரம் விட்டுச் சட்டியில் ஒட்டும், கொஞ்ச நேரத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு அடங்கினதும் இறக்கி, பழைய பருத்திச் சாரத்துண்டில் இரண்டு மடிப்பாக மூட்டை கட்டி, உங்கள் முழங்கையின் உட்பக்கத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். ஐந்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் நோகிற இடத்தில் வைக்கலாம். ஒரே இடத்தில் அழுத்தி வைக்காமல் எடுத்து எடுத்து ஒத்த வேண்டும். கால்மணி நேரம் போதும். நாரி நோவுக்குச் சூடு குறுகிய காலத்துக்கு நன்றாக உதவுகிறது என்பதை ஆய்வுகளும் ஒத்துக்கொள்கின்றன. உப்பு இல்லாவிட்டால் தவிடு, அல்லது நல்லெண்ணெயில் வதக்கிய நொச்சி இலை. நொச்சி மூட்டையில் ஈரச்சூடு இருப்பதால் கழுத்துக்கு இன்னும் இதம், ஆனால் கெதியாக ஆறிவிடும், திரும்பத் திரும்ப வதக்க வேண்டும். உப்பு நெடுநேரம் சூட்டைப் பிடித்திருக்கும். தனியாக இருக்கிறவருக்கு உப்பு, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நொச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஆளுக்கு மட்டும் இது ஆபத்து. நெடுநாள் நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடுவது தெரியாமல் வெந்துவிடும், பிறகு அந்தப் புண் மாறுவதே கஷ்டம். அவருக்குப் பாதத்தில் ஒத்தடம் வேண்டாம். முழங்காலிலோ அதற்கு மேலோ வைப்பதென்றாலும் சூட்டை வேறொருவர் பார்த்து வைக்கட்டும்.

எண்ணெயில் நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எந்த எண்ணெய் என்பதைவிட எப்படித் தேய்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பிடிப்பை விடுவிப்பது விரலின் அழுத்தமும் எண்ணெயின் இளஞ்சூடும். ஆகவே கையில் இருக்கும் நல்லெண்ணெயே போதும். சித்த வைத்தியர் பார்த்துத் தரும் தைலம் இருந்தால் நல்லது, இல்லையே என்று தேடி ஓட வேண்டியதில்லை.

சித்தாலேப போன்ற டப்பாத் தைலங்கள் பயணத்துக்கும் அவசரத்துக்கும் சரி. கற்பூரம், மென்தோல், யூக்கலிப்டஸ் போன்றவை தோலில் எரிவையும் குளிரையும் தந்து நோவிலிருந்து கவனத்தைத் திருப்பும். தசைக்குள் போய்ப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. பூசிய இடத்தில் ஒத்தடம் வைக்காதீர்கள், தோல் வெந்து கொப்பளிக்கும். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் குடிக்கிறவர்கள் மெதைல் சலிசிலேற் கலந்த தைலத்தைப் பெரிய இடத்தில் தினமும் பூசினால் இரத்தம் அளவுக்கு மேல் இளகிவிடலாம்.

உள்ளுக்கு எடுப்பவற்றில் இஞ்சிக்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2010 இல் அமெரிக்காவில் நாளுக்கு 2 கிராம் இஞ்சியை 11 நாள் கொடுத்தபோது, கடும் உடற்பயிற்சியால் வந்த தசை நோ பச்சை இஞ்சியில் 25 சதவீதமும் சூடாக்கிய இஞ்சியில் 23 சதவீதமும் குறைந்தது. அவித்தால் வீரியம் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் அது நாள்தோறும் எடுத்ததால் வந்த பலன், பிடித்த அன்றைக்கு ஒரு தம்ளர் குடித்து வந்ததல்ல.

சுளுக்கு வேறு கதை. கால் மடிந்து உடனே வீங்கினால் முதல் இரண்டு நாளும் சூடும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். புளியும் உப்பும் மஞ்சளும் காய்ச்சிப் போடும் பற்று வீக்கம் வற்றத் தொடங்கிய பிறகு போடலாம். காலை ஊன்றவே முடியவில்லை என்றால், அல்லது விழுந்தவர் வயதானவர் என்றால், முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் முறிவு வைத்தியர். இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே விரல்கள் நீலம் பாரித்தால் அந்த நிமிடமே கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மூட்டு நோ

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். "வாதம்" என்ற ஒரே பெயரில் எங்கள் ஊரில் குறைந்தது நாலு நோய்கள் உலாவுகின்றன. நாலுக்கும் ஒரே முடக்கொத்தான் இரசத்தைக் கொடுக்கிறோம். ஒன்றுக்கு அது உதவியாக இருக்கலாம். இன்னொன்றில் அந்த இரசத்தை நம்பிக் கழியும் ஒவ்வொரு மாதமும் ஒரு மூட்டைத் தின்றுவிடும்.

முதலாவது, தேய்மானம். ஐம்பது வயதுக்கு மேல், முழங்காலில், படியேறும்போதும் குந்தி எழும்பும்போதும் நோகும், இருந்தால் தணியும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரைமணி நேரத்தில் விட்டுவிடும். இதற்குத்தான் கைமருந்துக்கு இடமுண்டு. இரண்டாவது முடக்குவாதம். பெண்களுக்கு அதிகம், முப்பது நாற்பது வயதிலேயே வரும். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாத விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே அரிக்கும் நோய், முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே எலும்பில் சேதம் தொடங்கிவிடும். கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் மெதோட்ரெக்சேற் போன்ற மருந்துகளால் அதைத் தடுக்கலாம், இலைகளால் முடியாது. வளைந்துபோன விரலை எந்த மருந்தாலும் திரும்ப நிமிர்த்த முடியாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது கவுட். இரவில் திடீரென்று பெருவிரல் அடி சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். இரத்தத்தில் யூரிக் அமிலம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாலாவது சிக்குன்குன்யாவுக்குப் பின் வரும் நோ. 2006 இல் அது இலங்கையில் பரவியபோது காய்ச்சல் போய் மாதங்களாகியும் கைகால் நீட்ட முடியாமல் இருந்தவர்களைப் பலருக்கு நினைவிருக்கும். இவை தவிர, ஒரே ஒரு மூட்டுச் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். அது அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, தேய்மானம்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது தெரிவுகளைப் பார்க்கலாம்.

முடக்கொத்தானை இரசமாகவோ, தோசை மாவில் அரைத்தோ, இலைக்கஞ்சியில் போட்டோ சாப்பிடலாம். அழற்சியைக் குறைக்கும் தன்மை ஆய்வுகூடத்தில் தெரிகிறது, மனிதரின் முழங்காலில் அவ்வளவு உறுதியாகக் காட்டப்படவில்லை. அதிகமாகச் சாப்பிட்டால் வயிற்றால் போகும். கீரையாகச் சாப்பிடுகிறவர் தொடரட்டும், நோ மாறும் என்று நம்பிப் பச்சையாய் அரைத்துக் குடிப்பதற்கு நான் ஆதரவில்லை. வாதநாராயணி இலையைச் சுடுதண்ணியில் போட்டுக் காலை வைப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் சரி, அதில் சூட்டின் பலனாவது நிச்சயம். எருக்கிலையை வாட்டிக் கட்டுகிறவர்கள் பாலைக் கவனிக்க வேண்டும். தோலில் பட்டால் புண், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மஞ்சளுக்குத்தான் முழங்கால் தேய்மானத்தில் ஓரளவு நல்ல சான்று உண்டு. ஆனால் அந்த ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் நாளுக்கு 1000 மில்லிகிராம் அளவு குர்குமின் சாரம். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சுமார் 3 கிராம், அதில் குர்குமின் 100 மில்லிகிராம்கூட வராது. இரவில் குடிக்கும் மஞ்சள் பாலால் ஆய்வில் சொன்ன பலன் வராததற்கு இதுதான் காரணம். மிளகு சேர்த்தால் உடம்பில் ஊறுவது கூடும், அதற்காக அளவு பத்து மடங்காகிவிடாது. மஞ்சள் பால் குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கறிக்கும் பாலுக்கும் கிழங்காக வாங்கி இடித்துப் பாவியுங்கள். 2020 இல் இறக்குமதி கட்டுப்பட்டு, பாக்கு நீரிணையால் கடத்தி வந்த மஞ்சள் மூட்டைகள் எங்கள் கரைகளில் பிடிபட்ட காலத்தில், அரிசிமா கலந்த தூள் எவ்வளவு விற்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். சாரக் குளிசையாக எடுப்பதென்றால் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் இரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

இவற்றோடு டைக்ளோபினாக் மாத்திரையை ஒப்பிட்டால், நோவைக் குறைப்பதில் மாத்திரைதான் முன்னால் நிற்கும். ஆனால் பிரஷரும் நீரிழிவும் சேர்ந்த ஒரு அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அதை மாதக்கணக்காகக் கொடுப்பது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. பாமசியில் சீட்டில்லாமல் வாங்கி வந்து கொடுக்கிற பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். அதே மருந்து பூசும் ஜெல்லாக வருகிறது. முழங்காலுக்கும் விரல்களுக்கும் நன்றாக உதவும், இரத்தத்தில் சேருவது கொஞ்சம்தான். அந்த அம்மாவுக்கு நான் சொல்வது: காலையில் உப்பு ஒத்தடம், நோ கூடிய நாளில் ஜெல், சாப்பாட்டில் விரும்பிய கீரை. ஜெல் பூசிய இடத்தில் உடனே ஒத்தடம் வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க வேண்டியவையும் உண்டு. பெயர் விலாசம் சரியில்லாமல், "மூன்றே நாளில் மூட்டு நோ போகும்" என்று வரும் மூலிகைக் குளிசை முதலாவது. உண்மையாகவே மூன்று நாளில் நோ போனால்தான் சந்தேகப்பட வேண்டும், உள்ளே ஸ்ரீரொயிட் இருக்கலாம். 2022 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்படி விற்பட்ட மூட்டு நோக் குளிசைகளைச் சோதித்து, பட்டியலில் சொல்லாத டெக்சாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட்டும் டைக்ளோபினாக்கும் இருப்பதைக் கண்டு எச்சரித்தது. முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு உக்கும், திடீரென்று நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடலாம். இரண்டாவது, ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் சேர்ந்த குடிநீர். அந்த இனத்திலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் தரும் என்பது உறுதியாக நிறுவப்பட்டுவிட்டது. மூன்றாவது கார்த்திகைப் பூக் கிழங்கு. கவுட்டுக்குக் கொடுக்கும் கொல்சிசின் என்ற மருந்து அதில்தான் இருக்கிறது. மில்லிகிராமில் பாதி அளந்து கொடுக்கிற மருந்து அது. வேலியில் கிண்டியெடுத்த கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாரால் அளக்க முடியும்? தவறிச் சாப்பிட்டு இந்த நாட்டில் பலர் செத்திருக்கிறார்கள்.

முறையான சித்த வைத்தியம் வேண்டுமென்றால் அதற்கு இங்கே இடமுண்டு. யாழ் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் படிப்பு 1984 இல் தொடங்கியது, கைதடியில் நடக்கிறது. பக்கத்திலேயே போதனா வைத்தியசாலையும் உண்டு. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பரம்பரைப் பரியாரியாரானாலும் பட்டம் பெற்றவரானாலும் பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்ல வைத்தியர் உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்க்கக் கேட்பார், கேட்காதவரிடம் நீங்களே நீட்டுங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு இலையையும் மாத்திரையையும்விடச் சான்று கூடியது தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் எடை குறைப்பதும். கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். ஒத்தடம் கொடுத்த பிறகு செய்தால் நோ குறைவாக இருக்கும். நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் துருவுவதையும் மரக்கறி வெட்டுவதையும் மேசைக்கு மாற்றுங்கள். பலன் தெரிய ஒன்றரை இரண்டு மாதம் எடுக்கும், அதற்குள் கைவிடக்கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் குடிக்கும் குடிநீரையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் சரக்கையோ பக்கற்றையோ கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம், மெதோட்ரெக்சேற் எடுக்கிறவரின் ஈரலையும் வாபரின் எடுக்கிறவரின் இரத்தத்தையும் பார்த்துத்தான் அவர்கள் அளவை மாற்றுகிறார்கள். சத்திர சிகிச்சைக்குத் திகதி தந்திருந்தால் மஞ்சள் சாரம், இஞ்சிக் குளிசை, உள்ளிக் குளிசை எல்லாவற்றையும் இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சமையலில் போடுவதற்குத் தடையில்லை.